கறுப்பு பிலிமில் நான் அழித்த பையன்

1. பெட்டி திறந்த காலை

அச்சகத்திலிருந்து பெட்டிகள் வந்திறங்கிய காலையில் முதல் புத்தகத்தைக் கையில் எடுத்தவர் சேகர். தஞ்சாவூர்க்காரர். எங்கள் கடையில் படங்களைப் பிலிமாக்குகிற கேமரா அவர் பொறுப்பு. நாலைந்து பக்கம் புரட்டியவர் சிரிக்கத் தொடங்கினார்.

"நாதன் சார், இங்க வாங்களேன். இந்தப் பக்கத்துல ஆளையே காணோம், நிழல் மட்டும் நிக்குது."

போய்ப் பார்த்தேன். சமையலறைப் படம். மேசை, தேநீர்க் கேத்தில், பூனை. கதவோரம் தரையில் ஒரு சின்னப் பிள்ளையின் நிழல் வெளிர்நீலத்தில் நீண்டு கிடந்தது. கால்கள் இருக்கவேண்டிய இடத்தில் அது தொடங்கியது. அந்தக் கால்களுக்கு உரியவன் அங்கே இல்லை. வெறும் வெள்ளைத் தாள்.

சேகர் மேலும் புரட்டினார். "இதோ, இதுலயும். மாடிப்படிப் பக்கத்துலயும் அப்படித்தான். குழந்தைங்க புக்குன்னு சொன்னாங்க, பேய்க் கதையா சார் பண்ணியிருக்கோம்?"

நான் சிரிக்கவில்லை. அவனை அழித்தவன் நான். அழித்தபோது நிழலை மறந்துவிட்டேன் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

திரையில் ஒரு பொத்தானைத் தட்டிப் படம் திருத்துகிற இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் காலத்து வேலைமுறை உங்களுக்குப் புதினமாக இருக்கும். நான் செய்த பிழையில் புதினம் எதுவும் இல்லை. நீங்களும் அதைச் செய்யக்கூடும்.

2. வாசிக்காமல் வேலை செய்வது

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் கணக்கும் ஆங்கிலமும் படிப்பித்துக்கொண்டிருந்த நான், லண்டனுக்கு வந்து, வால்தம்ஸ்டோ சந்தைத் தெருவில் ஒரு மாடியில் இருந்த பிலிம் பிளானிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நாங்கள் அச்சிடுவதில்லை. எழுத்தையும் படத்தையும் பிலிமில் பொருத்தி அச்சகத்துக்கு அனுப்புவோம். அங்கே அந்தப் பிலிமிலிருந்து பிளேட் என்கிற அச்சுத் தகடு செய்வார்கள். முதலாளி ராசரத்தினம் அண்ணை. நான் முன்னாள் ஆசிரியன் என்பதால் என்னை 'மாஸ்டர்' என்பார். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல்.

உள்ளூர்க் கவுன்சில்கள் பல மொழிகளில் துண்டுப் பிரசுரம் போட்ட காலம் அது. வங்காளம், குஜராத்தி, துருக்கி மொழி எல்லாம் எங்களிடம் வந்தன. தமிழையும் ஆங்கிலத்தையும் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணை அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்.

"வாசிக்கப் பாக்காதேங்கோ மாஸ்டர். வாசிக்கப் போனால்தான் பிழை வரும். அவையள் தந்த தாளில ஒரு குத்து, ஒரு புள்ளி இருந்தால் எங்கட பிலிமிலயும் ஒரு குத்து இருக்கோணும். வடிவத்தைப் பாருங்கோ. கருத்து அவையளின்ர பாடு."

அது நல்ல முறைதான். தெரியாத மொழியில் எழுத்துப் பிழை விடாத கடை என்று எங்களுக்குப் பெயர் இருந்தது. எனக்கும் அந்தப் பெயரில் ஒரு பங்கு இருந்தது.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் மொய்ரா வந்தார். அயர்லாந்துக்காரர். எங்கள் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு. ஐரிஷ் குடும்பத்துக் குழந்தைகளுக்காக ஒரு தேவாலய மண்டபத்தில் விளையாட்டுக் குழு நடத்தினார். பேச்சு வரத் தொடங்குகிற வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஐரிஷ் மொழியில் படப்புத்தகம் லண்டனில் தேடியும் கிடைக்கவில்லை என்றார். ஆகவே தானே எழுதி, தானே வரைந்து, கவுன்சில் உதவியோடு அச்சிடப் போகிறார். அவர் பேசியது ஆங்கிலம். நான் அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"இது பெரிய இலக்கியம் ஒண்டும் இல்லை, மிஸ்டர் நாதன். ஒண்டு ரெண்டு வயசுப் பிள்ளையள் கடிச்சும் சப்பியும் பாக்கிற சாமான்."

"எங்கட ஆக்களும் இப்பிடி ஒண்டு போட வேணும்," என்றேன். "நாங்கள் பிள்ளையளுக்கு நேரா சோதினைப் பேப்பரைத்தான் குடுக்கிறது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிறகு நான் கேட்டதில்லை.

பக்கத்துக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே எங்கள் முறை. ஐரிஷில் சில உயிரெழுத்துகளின் தலையில் ஒரு சாய்ந்த கோடு வரும். எங்கள் எழுத்துக்கோர்ப்பு மெஷினில் அது இல்லை. மெல்லிய முனைப் பேனாவால் ஒவ்வொன்றையும் கையால் வைத்தேன். ஒன்றையும் தவறவிடவில்லை.

செலவைக் குறைக்க மொய்ரா படங்களை நிறம் பிரித்தே வரைந்து தந்திருந்தார். கறுப்புக் கோடுகள் ஒரு தாளில், நீலம் வேறு தாளில், மற்ற நிறங்கள் வேறு வேறு தாளில். ஒவ்வொன்றுக்கும் தனிப் பிலிம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சின்னப் பையன் நின்றான். கதவுக்குப் பக்கத்தில், மேசைக்குக் கீழே, திரைச்சீலையின் ஓரத்தில். மற்றப் பொருள்களுக்கெல்லாம் நிறம் இருந்தது. அவனுக்கு இல்லை. வெறும் கறுப்புக் கோடு. மூலையை நிரப்ப வரைந்த அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

3. ஒபேக்

வேலை முடிகிற வாரத்தில் மொய்ரா கேட்டிருந்தார்: எழுத்து சின்னதாக இருக்கிறது, பெரிதாக்க முடியுமா? பெரிதாக்கினேன். மூன்று பக்கங்களில் வரி நீண்டு போய் அந்தப் பையன்மேல் ஏறியது.

அண்ணை எட்டிப் பார்த்தார். "அந்த மனுசிக்கு ஒருக்கா டெலிபோன் அடிச்சுக் கேளுங்கோ மாஸ்டர். படம் அவவின்ரயெல்லோ."

அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. மறுநாள் காலை அச்சகத்தில் எங்களுக்கு மெஷின் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நான் தொலைபேசியை வைத்துவிட்டு ஒபேக் டப்பாவைத் திறந்தேன்.

ஒபேக் என்பது சிவந்த களிம்பு. நெகட்டிவ் பிலிமில் எங்கும் கறுப்பாக இருக்கும், கோடுகள் மட்டும் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவின் வழியாக ஒளி போனால்தான் கோடு அச்சில் வரும். வேண்டாத கோட்டின்மேல் ஒபேக்கைப் பூசினால் ஒளி போகாது, கோடு வராது. பிலிமுக்கு ஒரு சேதமும் இல்லை. ஈரத்துணியால் துடைத்தால் களிம்பு போய்விடும், கோடு பழையபடி இருக்கும்.

அடியில் விளக்கு எரிகிற லைட் டேபிளில் சமையலறைப் பக்கத்தை வைத்து, பையனைக் காலிலிருந்து தலைவரை பூசினேன். காய்ந்த பிறகு குனிந்து பார்த்தேன். அவன் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு ஒளிப்புள்ளிகள். காயும்போது ஒபேக் வெடித்து ஊசித்துளை விழுவது வழக்கம்தான். மறுபடி பூசினேன். அடுத்த பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் அதே இடத்தில் அதே இரண்டு புள்ளிகள். என் முகத்தை நேரே பார்ப்பதுபோல. மூன்றாம் தடவை தடிப்பாகப் பூசி, அது காயும்வரை அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன்.

"கேட்டனீங்களோ?" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை, கேட்டனான். பிரச்சினை இல்லையாம்."

அப்படிச் சொல்ல ஒரு கட்டாயமும் இருக்கவில்லை. எடுக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அச்சகத்தோடு பேசி நாள் மாற்றியிருப்பார், திட்டியிருக்கவும் மாட்டார். ஒரு வேலையைக் கொடுத்தால் முடிக்கிற ஆள் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

எழுத்து கறுப்புப் பிலிமில் இருந்ததால் கறுப்புப் பிலிமை மட்டுமே பார்த்தேன். அவன் நிழல் நீலப் பிலிமில் இருந்தது. எல்லாப் பிலிமையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிற நிறப் புரூஃப், நேரம் இல்லை என்று எடுக்கவில்லை.

4. "ஒருத்தரும் கை வைக்கேல்லை"

பெட்டிகளை எடுக்க மொய்ரா வரவில்லை. அண்ணை விளையாட்டுக் குழுவில் இன்னொரு பெண்ணோடு தொலைபேசியில் பேசினார். வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"மாஸ்டர், அந்த மனுசியின்ர பெடியன் செத்துப்போனானாம். மூண்டு வயசு. மூளைக்காய்ச்சல். நாங்கள் பிலிம் அனுப்பின கிழமைதானாம்."

பையனின் பெயர் டோனல். அந்தப் பெண் இன்னும் சொல்லியிருந்தாள். புத்தகத்தில் நிற்கிற பையன் அவன்தான். ஒவ்வொரு பக்கமும் ஒரே கேள்வியைக் கேட்கிறது: டோனல் எங்கே? குழந்தை விரலால் தேடிக் காட்ட வேண்டும். அதுதான் முழுப் புத்தகமும்.

இரண்டு கிழமை கழித்து மொய்ரா வந்தார். மெலிந்திருந்தார். கவுண்டரில் புத்தகத்தைப் பிரித்துச் சமையலறைப் பக்கத்தில் கையை வைத்தார்.

"இவனை ஆர் எடுத்தது?"

அண்ணை பக்கத்தில் நின்றார். அவர் வாயைத் திறந்தால் 'நீங்கள்தானே பிரச்சினை இல்லை எண்டனீங்கள்' என்று மொய்ராவிடமே சொல்லிவிடுவார். அதற்கு முன்னால் நான் பேசிவிட்டேன்.

"ஒருத்தரும் கை வைக்கேல்லை. மெஷினில சில நேரம் இப்பிடி நடக்கும். ஒரு இடத்தில கறுப்பு மை பிடிக்காமல் போயிடும்."

எந்த மெஷினும் அப்படிச் செய்யாது. எழுத்தையும் கதவையும் விட்டுவிட்டு ஒரு பையனை மட்டும் பிடிக்காமல் விடுகிற மை இல்லை. அண்ணைக்கு அது தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒருத்தரும் கை வைக்கேல்லை," என்று மொய்ரா மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அவர் முகம் மாறியது. தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்தார். "அப்ப அவனாத்தான் இறங்கிப் போயிருக்கிறான். எனக்காக நிழலை விட்டிட்டுப் போயிருக்கிறான்."

"நாங்கள் திருப்பி அடிச்சுத் தாறம் அம்மா, எங்கட செலவில," என்றார் அண்ணை.

"வேண்டாம். ஒண்டையும் மாத்தாதேங்கோ."

அவர் போன பிறகு அண்ணை என் பக்கம் வந்தார். "மெஷினோ, மாஸ்டர்?" என்று ஒருமுறை கேட்டார். நான் தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தேன். அவர் பிறகு கேட்கவே இல்லை. அன்றிலிருந்து என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்.

5. மண்டபத்தில்

மிஞ்சிய பெட்டி ஒன்றைக் கொடுக்கத் தேவாலய மண்டபத்துக்குப் போனேன். காலை வேளை, பெரிய சன்னல்கள், நல்ல வெளிச்சம். ஏழெட்டுக் குழந்தைகள் தரையில் இருந்தார்கள். மொய்ரா புத்தகத்தை விரித்து வைத்து ஐரிஷில் கேள்வியைக் கேட்டார்.

பையன் வரையப்பட்டிருந்த பக்கங்களில் குழந்தைகள் வழக்கம்போலத் தடுமாறினார்கள். பூனையைத் தொட்டார்கள், கேத்திலைத் தொட்டார்கள், சிரித்தார்கள், பிறகு பையனைக் கண்டுபிடித்தார்கள்.

நான் அழித்த பக்கம் வந்தது. சிரிப்பு நின்றது. பேச்சே வராத ஒரு பெண்குழந்தை தவழ்ந்து வந்து விரலை வைத்தது. நிழலில் வைக்கும் என்று நினைத்தேன். அது நிழலைப் பார்க்கவே இல்லை. வெறும் வெள்ளைத் தாளில், கதவுப் பிடிக்குச் சற்றுக் கீழே வைத்தது. அவன் முகம் இருந்த இடம் அது. களிம்பைப் பூசிய எனக்கு அது அணு அணுவாகத் தெரியும். அடுத்த குழந்தையும் அதே இடத்தில் வைத்தது. இன்னொன்று கன்னத்தைத் தடவுவதுபோல அந்த வெறுமையைத் தடவியது. ஒரு பையன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான்.

"எல்லாரும் இப்பிடித்தான்," என்றார் மொய்ரா. அவர் புன்னகையோடு இருந்தார். "நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை."

பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். கோட்டுப் பொத்தானைப் போடாமலே கடைவரை நடந்தேன்.

6. கணவர் கேட்டது

மொய்ராவின் கணவர் பெயர் பற்றிக். கட்டட வேலைக்காரர், பேச்சுக் குறைவு. வேலை உடுப்போடு ஒரு மதியம் கடைக்கு வந்தார்.

"நாங்கள் அயர்லாந்துக்கு, கோல்வேக்குத் திரும்பிப் போறதெண்டு முடிவெடுத்திருந்தம். அங்க அவவின்ர தாய் இருக்கிறா. மகளுக்குப் பள்ளிக்கூடமும் பாத்தாச்சு. இப்ப மொய்ரா வரமாட்டன் எண்டு நிக்கிறா. நிழல் இஞ்ச கிடக்கேக்க பிள்ளையை விட்டிட்டு எப்பிடி வாறது எண்டு கேக்கிறா. ஒவ்வொரு நாளும் அவனுக்குப் பால் ஊத்தி மேசையில வைக்கிறா. மகள் பயப்பிடுறாள்."

நான் கவுண்டரில் கிடந்த தாள்களை அடுக்கினேன்.

"நீங்கள் தொழில் தெரிஞ்ச ஆள். நான் கோவிக்க வரேல்லை. ஆரும் தெரியாமல் அழிச்சிருந்தால் அதைச் சொல்லுங்கோ, போதும். நீங்கள் சொன்னால் அவ நம்புவா."

அந்தப் பிலிம் எனக்குப் பின்னால் இருந்த இழுப்பறையில்தான் கிடந்தது. எடுத்து, ஒரு ஈரத்துணியால் அவர் முன்னாலேயே துடைத்திருந்தால் பையன் வெளியே வந்திருப்பான். அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடியிருப்பார். அண்ணை கேமரா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு முறை சொன்ன பொய்யை அவர் முன்னால் பொய்யென்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"மெஷின்தான்," என்றேன்.

பற்றிக் என்னைப் பார்த்தார். "சரி," என்றார். அந்தக் கோடையில் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு அயர்லாந்துக்குப் போனார். மொய்ரா போகவில்லை.

7. ஈரத்துணி

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தது, பிலிம் போனது, அண்ணை கடையை மூடினார். சாமான்களை ஒதுக்கும்போது அந்த மூன்று பிலிம்களையும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். எனக்கு வேறு வேலை கிடைத்து, தென் லண்டனில் ஸ்ட்ரெதம் பக்கம் குடிபோயிருந்தேன். இழக்க வேண்டிய பெயர் எதுவும் மிச்சம் இல்லை என்ற பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் பிலிம்களை உறையில் போட்டுக்கொண்டு வால்தம்ஸ்டோவுக்குப் போனேன்.

அதே வீடு. மொய்ராவின் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டார். சமையலறையில் உட்கார்த்தினார். மேசையில் ஒரு சின்ன டம்ளர் பால் இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்து பெரிதானது, தொலைபேசி, ஒபேக், அண்ணைக்குச் சொன்னது, பற்றிக்கிடம் சொன்னது.

"நீங்கள் டெலிபோன் அடிச்சது எனக்குக் கேட்டது," என்றார் மொய்ரா கடைசியில். "அவனைத் தூக்கிக்கொண்டு வாசலில நிண்டனான். ஆம்புலன்ஸ் வந்திட்டுது. மணி அடிச்சுக்கொண்டே இருந்தது."

பிறகு உறையைப் பார்த்தார். "அப்ப அவன் இதுக்குள்ள இருக்கிறானோ?"

"ஓம். துடைச்சால் வருவான்."

அவர் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். "காட்டுங்கோ. இருக்கிறான் எண்டால் நான் இண்டைக்கே பற்றிக்குக்கு டெலிபோன் அடிக்கிறன். மகள் வளந்திட்டாள். நான் வாறன் எண்டு சொல்லிறன்."

சமையலறைப் பக்கத்துப் பிலிமை எடுத்து, தண்ணீர்க் குழாயில் துணியை நனைத்துத் துடைத்தேன். சிவப்புக் களிம்பு கரைந்து துணியில் வந்தது. சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். மேசை தெரிந்தது. கேத்தில், பூனை, கதவு, எல்லாக் கோடுகளும் பளிச்சென்று ஒளி விட்டன. கதவுப் பிடிக்குக் கீழே ஒன்றும் இல்லை. மழமழவென்று முழுக் கறுப்பு. சுரண்டிய தடம் இல்லை, கோடு மங்கிய தடமும் இல்லை. அங்கே ஒருபோதும் எதுவும் வரையப்படாததுபோல இருந்தது.

மற்ற இரண்டையும் துடைத்தேன். அவற்றிலும் அப்படியே. பிலிமில் விழுந்த கோடு எங்கும் போகாது. இத்தனை வருடத் தொழிலில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று அது. நான் துணியைப் பிழிந்து மறுபடியும் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன். மொய்ரா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்கோ, மிஸ்டர் நாதன். நீங்கள் முதல் சொன்னதுதான் சரி. ஒருத்தரும் கை வைக்கேல்லை."

"இல்லை, நான்தான்..."

"எனக்கு ஆறுதலுக்காகத்தானே இப்பிடி ஒரு கதை சொல்ல வந்தனீங்கள். வடிவா விளங்குது." அவர் எழுந்து எனக்குத் தேநீர் ஊற்றினார். மேசையில் இருந்த பால் டம்ளரைக் கவனமாக ஒரு பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, என் கோப்பையை வைத்தார். பற்றிக்கை அவர் அழைக்கவில்லை.

இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். உங்களுக்குத் தெரியாத மொழியில் ஒரு வேலை வந்தால், என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். ஒருவருடைய படத்திலிருந்து எதையாவது எடுக்க வேண்டியிருந்தால் அவர் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். காத்திருக்காமல் எடுத்துவிட்டீர்களானால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். உண்மை பத்திரமாக என்னிடம்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பற்றிக் கவுண்டரில் நின்று கேட்ட அந்த மதியத்தில் துடைத்திருந்தால் பையன் அந்தப் பிலிமில் இருந்திருப்பான்.